இதர

காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம்தான்
என் கணக்கு நோட்டு.
முன்பக்கம் நல்ல நேரம், எமகண்டம்.
பின்பக்கம் பால், வாடகை, சீட்டு,
சப்-மீட்டர் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய்.

ஒன்பது ரூபாய் என்பதால்
இரவு ஒரே ஃபேன், கீழே மூன்று பேர்.
நடுவில் யார் படுப்பது என்பதில்
தினமும் ஒரு பஞ்சாயத்து.
மணலிப் பக்கமிருந்து காற்றடித்தால்
சன்னலைச் சாத்தவேண்டும்.
சாத்தினால் புழுக்கம்,
புழுங்கினால் ஃபேனை ஐந்தில் வைக்கவேண்டும்.
தண்டையார்பேட்டையில்
காற்றுக்கும் என் தாளில் ஒரு வரி உண்டு.

சேர்ப்பது லீஸுக்கு.
கொருக்குப்பேட்டையில் மாடி வீடு, நான்கு லட்சம்.
மூன்று வருஷம் வாடகை இல்லை,
காலி செய்யும்போது போட்டது அப்படியே கைக்கு வரும்.
"நம்ம காசு நமக்காக
மூணு வருஷம் செவுரா நிக்கும்"
என்றான் தேசப்பன்.
அன்றிலிருந்து நூறு ரூபாய்த் தாளைப் பார்த்தால்
எனக்குச் செங்கல் நிறமாகவே தெரிகிறது.

அவன் ட்ரெய்லர் ஓட்டுகிறான்.
துறைமுக வாசலுக்கான வரிசை
எண்ணூர் சாலையில் விடிய விடிய நின்றால்
காத்திருப்புக்குத் தனிப் படி.
ஊரே சபிக்கும் அந்த நெரிசலை
நீளட்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான்.
நீண்டது.
நான்கு நாள் அவன் வீட்டுக்கு வரவில்லை.
படியை எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது.

எனக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில்
சட்டைகளின் பிசிறு வெட்டும் வேலை.
கை பழகிவிட்டது, வீட்டிலும் வெட்டுகிறேன்:
டிஷ் கனெக்‌ஷன், சனிக்கிழமை வஞ்சிரம்
(இப்போது காசிமேட்டில் கடைசி நேரக் கவளை),
இலக்கியாவின் டான்ஸ் கிளாஸ்.
அதை வெட்டிய அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

எந்த வரியிலும் அடங்காதவற்றுக்கு
"இதர" என்று தாளின் அடியில் ஓர் இடம்.
நாத்தனார் வீட்டு மொய்,
அறுந்த செருப்பு,
தெருமுனையில் செத்துப்போன
இஸ்திரிக்காரருக்கு ஒரு மாலை,
நெபுலைசர் மருந்து.
ஒவ்வொரு மாதமும் வாடகையை
எட்டிப் பிடிக்கப் பார்க்கும் இந்த இதர.

மூன்று லட்சத்து எண்பத்தாறு சேர்ந்ததும்
சீட்டைத் தள்ளி எடுத்தேன்.
தள்ளுபடி போக நான்கு லட்சம் தாண்டி
ஆயிரத்து இருநூறு.
ஞாயிற்றுக்கிழமை மூவரும் கிளம்பினோம்.

சமையலறையில் குழாயைத் திறந்தேன்.
தண்ணீர் வந்தது.
மூட மறந்து நின்றேன்.
வந்துகொண்டே இருந்தது.
இலக்கியா ஹாலில் இரண்டு கையையும் விரித்து
ஒரு சுற்றுச் சுற்றினாள்,
எங்கும் இடிக்கவில்லை.

பூபாலன் சார் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
"போன மாசம் நாலு சொன்னேன், வாஸ்தவம்தான்.
இப்ப நாலரைக்கு ரெண்டு பேர் கேட்டுட்டாங்க.
மெட்ரோ நடக்கிற தூரம் இல்லியா?"

குழாயை மூடிவிட்டு வந்தேன்.

திரும்பும்போது ரயில்வே கேட் போட்டிருந்தார்கள்.
கூட்ஸ் வண்டி.
இலக்கியா எண்ணினாள், நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
நாற்பத்தெட்டாயிரத்து எண்ணூறு, நாற்பத்தெட்டாயிரத்து எண்ணூறு
என்று பெட்டிகள் எனக்கு மட்டும்
வேறு கணக்கில் ஓடின.

கேட் திறந்ததும் தேசப்பன்
வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை.
அத்தோக் கடையில் நிறுத்தினான்.
மூன்று தட்டு, வாழைத்தண்டு சூப்,
இலக்கியாவுக்கு முட்டை பேஜோ தனியாக.
புளியும் பொரித்த வெங்காயமுமாய்
வாய் எரிய எரியத் தின்றோம்.
அவள் மூக்கில் தண்ணீர் வடியச் சிரித்தாள்.

இருநூற்று நாற்பது ரூபாய்.

இரவு தாளைக் கிழித்துத் திருப்பி
நாலு லட்சத்தை அடித்து நாலரை என்று எழுதினேன்.
அடியில் "இதர" போட்டு
அத்தோ என்று தொடங்கியபோது
ஃபேனுக்கு நேர் கீழே படுத்திருந்தவன்
கண்ணைத் திறக்காமலே கேட்டான்:

"அத ஏன் அங்க எழுதற?"

வேறெங்கே எழுதுவது என்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
பேனா மூடியைக் காணோம்.